தறப்பாளுக்குள் கிடந்த வள்ளம்

வள்ளத்தை மூடியிருந்த தறப்பாளை இழுத்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. கூட்டாளி கில்பட் மூக்கைப் பொத்தினான்.

"மச்சான், காட்டுப் பண்டி எதையும் உள்ளுக்க அடைச்சு வச்சிட்டா போனாய்?"

ஜெனிஸ்டன் சிரிக்கவில்லை. நாட்டில் சண்டை முடிந்த வருடம் உச்சமுனைக் கரையில் அந்த மரவள்ளத்தை ஏற்றி, தார் பூசி, தறப்பாளால் இறுக்கிக் கட்டிவிட்டுச் சவூதிக்கு ஆடு மேய்க்கப் போனவன் அவன். திரும்பினால் கடலுக்குப் போக இது இருக்கிறது என்ற நினைப்பில்தான் அந்தப் பாலைவன மணலில் கிடந்தான். இது இல்லையென்றால் மறுபடி அந்த மணல்தான்.

முன்பலகையில் காது காதாகக் காளான் முளைத்திருந்தது. விளிம்பில் தண்ணீர் துளித்து நின்றது. கில்பட் கத்தியை வைத்து அழுத்தினான். மெத்தென்ற பாண் துண்டில் இறங்குவதுபோல் பிடிவரை இறங்கியது.

"பலகை காயுறதுக்கு முந்தியே தார் அடிச்சிருக்கிறாய். ஈரத்த உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிருக்கிறாய்."

"அந்த ஈரம் இத்தின வருசம் நிக்குமா?"

"இந்தக் காளான் மரத்தத் திண்டு திண்டு தானே தண்ணி விடும்டா."

ஜெனிஸ்டனுக்குச் சவூதியில் பார்த்த ஓர் எலி நினைவுக்கு வந்தது. பின்னங்காலில் தாவித் திரியும் சின்னப் பாலைவன எலி. தண்ணீர் வண்டி வராத ஒரு கிழமை, தன் பங்கில் ஒரு மூடித் தண்ணீர் எடுத்து அதன் வளை வாயில் வைத்தான். எலி மோந்து பார்த்துவிட்டுப் போய் உலர்ந்த விதையைக் கொறித்தது. விதையிலிருந்தே அதன் உடம்பு தண்ணீர் எடுத்துக்கொள்ளும் என்றான் கூட இருந்த சூடான்காரன். மூடித் தண்ணீரை ஜெனிஸ்டனே எடுத்துக் குடித்தான். அன்று அந்த எலிமேல் வந்த பொறாமை எந்த மனிதன்மேலும் அவனுக்கு வந்ததில்லை.

காளானும் அதே சாதிதான். எலி காற்றில் வந்த விதையைத் தின்றது. இது அவனுடைய கடல் முழுவதையும் தின்றுவிட்டது.

மனைவி ஷானிகா தேத்தண்ணியோடு வந்து, கத்தி நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"ஒருக்காத் திறந்து பாக்கட்டா எண்டு போனில எத்தின தரம் கேட்டன்? தொட்டாக் கைய முறிப்பன் எண்டீங்க."

அவன் கில்பட்டைப் பார்த்தான். "பலகை மாத்தலாமாடா?"

"எதில வச்சு ஆணி அடிக்க? உள்கட்டையும் இத்துப் போயிட்டு. அடுப்புக்கும் ஆகாது."

ஷானிகா கோப்பையை அவன் கையில் கொடுத்தாள்.

"பாஸ்போட் காலம் முடிஞ்சிட்டா, இன்னும் கிடக்கா?"

"கிடக்கு."

தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு அவன் தறப்பாளை மடிக்கத் தொடங்கினான். அதில் ஓர் ஓட்டைகூட இல்லை.