சத்தி என்று கூப்பிடக் கூடாது

நெடுந்தீவுப் பிள்ளைகளுக்குக் கடல் ஒரு பொருட்டே இல்லை. வள்ளம் என்னதான் ஆடினாலும் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு வருவார்கள். தாய்க்கு ஆசுப்பத்திரியில் இடமாற்றம் கிடைத்து வவுனியாவிலிருந்து வந்த தேனுஜன் மட்டும், முதல் பயணத்திலேயே, பக்கத்தில் இருந்த வகுப்புப் பையன் லியோனின் வெள்ளைச் சேட்டில், தின்றதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்துவிட்டான். அது போதாதா? இறங்குதுறையில் கால் வைக்கும் முன்பே அவன் பெயர் சத்தி ஆகிவிட்டது.

மாதக்கணக்காக அதே பெயர்தான். "சத்தி, வாடா!" "சத்திக்குப் பந்தைக் குடு!" ஒருநாள் அவன் மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுததை றோஸ் ரீச்சர் கண்டுவிட்டார். அவர் ஒருவரையும் ஏசவில்லை.

"பிரச்சினை உங்கடை. தீர்வையும் நீங்களே சொல்லுங்கோ" என்று எட்டாம் வகுப்பிடமே விட்டுவிட்டார்.

வகுப்புத் தலைவி வினோதா எழும்பினாள். நியாயம் என்றால் அவளுக்கு உயிர்.

"அந்தப் பேரைச் சொல்லுறவை ஒரு மாதத்துக்குப் பந்தடிக்க ஏலாது."

எல்லோரும் கை உயர்த்தினார்கள். ரீச்சருக்கும் நல்ல சந்தோசம். தேனுஜன் கடைசி வரிசை வாங்கில் இருந்தான். இவ்வளவு பேர் அவனுக்காகப் பேசினார்கள்; அவனை ஒரு வார்த்தை கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சட்டம் நன்றாகவே வேலை செய்தது. அதுதான் கொடுமை. வாய் தவறினால் பந்து போய்விடும்; பழகிப்போன நாக்கை யார் நம்புவது? பையன்கள் அவனைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். பந்து அவன் பக்கம் வரவில்லை. வாங்கில் பக்கத்தில் இருந்தவனும் மெல்லத் தள்ளிப்போனான். வினோதாவோ, எல்லாம் அடங்கிவிட்டதென்று தலை நிமிர்த்தித் திரிந்தாள்.

ஒரு இடைவேளையில், தண்ணீர்த் தாங்கியடியில் தேனுஜன் அவளை மறித்தான்.

"வினோதா, அந்தச் சட்டத்தை எடுத்துவிடும்."

"ஏன்? ஆராவது ஏதும் சொன்னவங்களோ?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லை." அவன் கல்வேலிப் பக்கம் விளையாடுகிறவர்களைப் பார்த்தான். "சத்தி எண்டே கூப்பிடட்டும்."

"உமக்கு நோகாதோ?"

"நோகும். ஆனா, அப்ப என்னைக் கூப்பிட்டவங்கள்."

வினோதாவுக்கு இவனைக் கேளாமல் இவனுக்கு நியாயம் செய்யப் புறப்பட்டேனே என்று வெட்கமாக இருந்தது. விறுவிறு என்று மைதானத்துக்கு நடந்தாள். அவன் பின்னால் வந்தான்.

"இனி அந்தச் சட்டம் இல்லை" என்றாள். "ஆனா, இவரைத் தேனுஜன் எண்டு..."

முடிக்க விடவில்லை. லியோனின் முகம் மலர்ந்துவிட்டது. அவனும் பாவம், இத்தனை நாளும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவன்.

"சத்தி! ஓடி வாடா, எங்கடை பக்கம்!"

தேனுஜன் ஓடினான். முகமெல்லாம் சிரிப்போடு ஓடினான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் வினோதா திரும்பி நின்று அழுதாள்.