பதினாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு மைல்

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி காலையில் டார்லா சமையலறை மேசையில் உட்கார்ந்து தன் தம்பியின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். வருஷா வருஷம் அன்றைக்குத்தான் கென்ட் தன் கணக்கை ஊருக்குக் காட்டுவான். டாவன்போர்ட்டில் பேஸ்பால் பைத்தியம் பிடித்த நாற்பது ஐம்பது பேர் அதற்காகவே காத்திருப்பார்கள்.

"ஒற்றை ஆளாக ஓராண்டு" என்று தலைப்பு வைத்திருந்தான். அதன் கீழே:

பயணம்: 14,212 மைல்.
கேட்ட பாட்டு: 9,318.
நேரில் பார்த்த ஆட்டம்: 52. ஒவ்வொன்றும் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை.
துணைக்கு வந்தவர்: யாருமில்லை.

கடைசி வரியை டார்லா இரண்டாம் முறை படித்தாள். அந்தப் பதினாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு மைலில் ஒரு மைல்கூட கென்ட் ஓட்டியதில்லை. எல்லாம் அவள் ஓட்டியது. அவள் கார், அவள் முதுகுவலி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தானியக் கிடங்கின் எடைமேடையில் லாரிகளை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று வலிப்பு வந்து விழுந்தான். இனிமேல் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கென்ட் அதை அக்காவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. வேலை அலுத்துப்போய் விட்டுவிட்டேன் என்று ஊரை நம்பவைத்தான். டார்லாவின் கணவன் ஜீன் செத்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வீட்டில் தனியாக இருப்பதற்கு இது தேவலை என்று அவளும் தம்பிக்கு வண்டி ஓட்ட ஒப்புக்கொண்டாள்.

வண்டியில் ஏறிய முதல் நாளே அவன் சட்டம் போட்டான். அவன் கொண்டுவரும் பாட்டு மட்டும்தான் ஓடும். ரேடியோ கூடாது, ரேடியோவில் வருவது கணக்கில் சேராது. அவள் கூடவே முணுமுணுத்தால் கையைத் தூக்கி நிறுத்துவான். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் நோட்டில் ஒரு கோடு. ஒருநாள் மழையில் வரும்போது, ஜீனுக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போடச் சொல்லிக் கேட்டாள்.

"அந்தாளா? வேணாம். அவன் என் நோட்டுலயே வரக்கூடாது" என்றான் கென்ட்.

"ஒரே ஒரு பாட்டுடா."

"இன்னைக்கு ஒண்ணுன்னு ஆரம்பிப்ப."

அடுத்த அறுபது மைலையும் அவள் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினாள். அவன் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. பதினேழு கோடு போட்டிருந்தான்.

டார்லா போனை எடுத்தாள்.

"துணைக்கு யாருமில்லைன்னு போட்டிருக்க."

"காலங்காத்தால இதுக்கா கூப்பிட்ட?" என்றான் கென்ட்.

"நான் யாருடா அப்ப? சூட்கேஸா?"

"டார்லா, ஆட்டத்துக்கு வந்தவங்க வேற, ஆட்டம் பார்த்தவங்க வேற. நீ ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு உக்காந்திருந்த. யார் ஜெயிச்சான்னு கேட்டா உனக்குச் சொல்லத் தெரியுமா?"

"மைலைக்கூடவா நான் பார்க்கல? அதை ஓட்டினது யாரு?"

"பஸ்ல போனா டிரைவர் பேரையா எழுதுறாங்க?" என்றான் அவன். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "ரெண்டாவது சனிக்கிழமை நம்ம ஊரு பேஸ்பால் சங்கத்துல விருந்து. எனக்கு ஏதோ பலகை குடுக்குறாங்களாம். பதினொன்றரைக்கு வந்துடு. வண்டிய கொஞ்சம் துடைச்சு வை."

இத்தனைக்குப் பிறகும் வரமுடியாது என்று அவள் சொல்லவில்லை. "சரி" என்று உடனே சொல்லிவிட்டு, அவ்வளவு சீக்கிரம் ஏன் சொன்னோம் என்று அன்றைக்கெல்லாம் யோசித்தாள். அவன் மேடையில் நின்று என்ன சொல்கிறான் என்று காதால் கேட்க வேண்டும்போல இருந்தது. வண்டியைத் துடைக்கவில்லை.

விருந்தன்று மிசிசிப்பி ஆற்றின் கரையோரம் பனிக்கட்டி பாளம் பாளமாக உறைந்து கிடந்தது. கூடத்துக்குள் பன்றி இறைச்சி, பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, செர்ரிப் பழம் பொதிந்த மாவுப் பலகாரம். சங்கச் செயலாளர் மெர்ல் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷன்.

"அட, அக்காவும் வந்திருக்காங்களா! தம்பிக்குக் கை தட்டவா?" என்றார்.

"வண்டி ஓட்ட" என்றாள் டார்லா.

மெர்ல் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மெர்ல் ஒரு மரப்பலகையைத் தூக்கிக் காட்டினார். ஐம்பத்திரண்டு என்று பெரிதாகச் செதுக்கியிருந்தது. கென்ட் புதுச் சட்டையும் சங்கத் தொப்பியுமாக எழுந்து முன்னால் போனான். பலகையை வாங்கிக்கொண்டதும், "அந்த ஐம்பத்திரண்டுல எது பெஸ்ட், சொல்லு!" என்று ஒருவர் கத்தினார்.

"ஜூலை பதினெட்டு, பியோரியா" என்றான் கென்ட், யோசிக்காமல்.

டார்லா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒன்பதாவது இன்னிங்ஸ். நம்ம பையனுங்க ஒரு ரன் முன்னால இருக்காங்க. எதிராளி அடிச்சான் பாருங்க ஒரு அடி! பந்து வேலியைத் தாண்டிப் போகுது. அவ்வளவுதான், போச்சுன்னு நான் எந்திரிச்சே நின்னுட்டேன். நடுவுல நின்ன ஆளு ஓடி வந்து, வேலி மேல ஒரு கால வெச்சு ஏறி, கையுறைய வானத்துல நீட்டினான். பந்து கையுறைக்குள்ள! அவன் கீழ விழுந்தப்ப தொப்பி வேலிக்கு அந்தப் பக்கம். எனக்கும் அவனுக்கும் முப்பது அடிதான் இருக்கும். அவன் சிரிச்சது எனக்குத் தெரிஞ்சுது."

கூடமே கைதட்டியது. ஒருவர் விசில்கூட அடித்தார்.

அந்த வார்த்தைகள் டார்லாவுக்குத் தெரியும். வேலியில் வைத்த கால், அந்தப் பக்கம் விழுந்த தொப்பி எல்லாம் அவள் கையால் எழுதியவை. அன்றைய ஆட்டத்தின் நான்காவது இன்னிங்ஸில் கென்ட் பேச்சை நடுவில் நிறுத்தினான்; கண் மேலே செருகியது; இருக்கைக்கும் இருக்கைக்கும் நடுவில் சரிந்தான். அவள்தான் அவன் தலையைத் தாங்கிக்கொண்டு, பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் தன் ஸ்கோர் நோட்டைக் கேட்டான். "பாதியில நிக்குது, டார்லா. மிச்சத்தை எழுது, தயவு செஞ்சு எழுது" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் போனில் ரேடியோ வர்ணனையைப் போட்டுக் கேட்டு, அவன் கற்றுக்கொடுத்த குறிகளை வைத்து, கட்டிலின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஐந்து இன்னிங்ஸையும் எழுதினாள்.

"அது நீ பார்க்கல" என்றாள்.

அவள் எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கைதட்டல் ஒவ்வொரு மேசையாக ஓய்ந்தது.

கென்ட் சிரிக்கப் பார்த்தான். "என் அக்கா. அவளுக்கு பேஸ்பால்ல அவ்வளவு..."

"ஒன்பதாவது இன்னிங்ஸப்ப நீ மைதானத்துலயே இல்ல. நான் ரேடியோவுல கேட்டு எழுதினத மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற."

"உக்காரு, டார்லா." பிறகு கூட்டத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, பரிதாபப்படுகிற மாதிரி சொன்னான். "மன்னிச்சுக்கங்க. புருஷன் போனதுலேருந்து இவளுக்கு மனசு சரியில்ல. மாத்திரை சாப்பிடுறா. சில நேரம் இப்படித்தான்."

டார்லா எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை. ஜீனை அவன் இழுத்த அந்த நிமிஷம், எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்று அவள் மனசுக்குள் வைத்திருந்த வரம்பு போய்விட்டது.

"எனக்கா சரியில்ல? சொல்லட்டுமா? நாலாவது இன்னிங்ஸ்ல வலிப்பு வந்து விழுந்தது யாரு? ரெண்டு வருஷமா லைசென்ஸ் இல்லாம இருக்கிறது யாரு? இவரு ஒத்த ஆளா ஒரு மைல்கூடப் போகலைங்க. பதினாலாயிரம் மைலும் நான் ஓட்டினேன். அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல உன் சட்டையக் கத்தரியால வெட்டுனாங்களே, ஞாபகம் இருக்கா? பேண்ட்லயே ஒண்ணுக்குப் போயிருந்த. ஆஸ்பத்திரி பாத்ரூம்ல அதை அலசினவ நான். துணைக்கு யாருமில்லையாம்!"



எல்லோரும் கென்ட்டைப் பொய்யன் என்று பார்ப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி நடக்கவில்லை. அவர்கள் அவனை நோயாளியாகப் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, அவன் விழுந்துவிடுவான் என்பதுபோல முழங்கையைப் பிடித்தார். மெர்ல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, கென்ட், தண்ணி குடிங்க" என்றார். டார்லாவின் பக்கத்து நாற்காலியில் இருந்த பெவ் என்பவள், அதுவரை அவளோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள், தன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள்.

கென்ட்டின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. முழங்கையைப் பிடித்த கையை உதறினான்.

"ஐம்பத்தொண்ணு" என்றான். பலகையை மேசைமேல் கவிழ்த்துவைத்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அவள் காரை எடுத்து வருவதற்குள் அவன் ஆற்றங்கரைச் சாலையில் பாதி தூரம் நடந்திருந்தான். காற்று ஆற்றிலிருந்து கத்தியாக வீசியது. டார்லா அவன் வேகத்துக்கே வண்டியை உருட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கினாள்.

"ஏறு."

"போயிடு."

"காது உறைஞ்சு விழுந்துடும். ஏறுடா."

"அறுபது பேரு முன்னாடி என்னைத் தொட்டில் குழந்தை ஆக்கிட்ட. இனிமே எவனாவது என்னைப் படியேற விடுவானா? கையப் பிடிச்சுக்கிட்டே வருவாங்க!"

"நீ என்னை ஆளே இல்லாம ஆக்கினியே, அது?"

"ஒரு வரி! ஒரே ஒரு வரி அது!"

"அந்த ஒரு வரியில என் பேரை எழுத உனக்கு என்ன கேடு?"

கென்ட் நின்றான். மூக்கிலிருந்து வழிந்ததைக் கையுறையால் துடைத்தான். "உன் பேரை எழுதினா, ஏன் அவ ஓட்டினான்னு கேப்பாங்க" என்றான். "அது உனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான செஞ்ச?"

அவளுக்குத் தெரியும். டிசம்பர் முப்பத்தொன்றிலிருந்தே தெரியும். தெரிந்தும் பதினொரு நாள் கோபமாகவே இருந்திருந்தாள்.

"மாத்திரை சாப்பிடுறாள்னு சொன்னியே" என்றாள். "ஜீனை இழுத்தியே."

கென்ட் பின்கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டான். வீடு வரை பாட்டு எதுவும் ஓடவில்லை. கென்ட் தெருமுனையிலேயே இறங்கினான். கதவை அவன் அறைந்த அறையில் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த பனி பெயர்ந்து விழுந்தது.

மறுநாள் அவன் பக்கம் மாறியிருந்தது. ஐம்பத்தொன்று என்று திருத்தியிருந்தான். கடைசி வரியை அடித்துவிட்டு, "வண்டி ஓட்டியவர்: டார்லா ப்ரூட். ஆட்டம் எதையும் பார்க்கவில்லை" என்று போட்டிருந்தான். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அதைப் படித்ததும் கணினியை எடுத்துச் சுவரில் அடிக்கலாமா என்று தோன்றியது.

மார்ச் கடைசியில் கென்ட்டிடமிருந்து செய்தி ஒன்று வந்தது. நலமா என்றுகூட இல்லை. நாற்பத்தெட்டு ஆட்டத் தேதிகள், பக்கத்தில் ஊர்ப்பெயர்கள், கிளம்ப வேண்டிய நேரம்.

டார்லா பதில் எழுதினாள்: "ஜீன் பற்றிச் சொன்னதற்கு முதலில் மன்னிப்புக் கேள்."

அரை மணி நேரம் கழித்து வந்தது: "நீ முதலில்."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் மெர்ல் கூப்பிட்டார். சங்கத்துக்காரர்கள் முறை வைத்து கென்ட்டை அழைத்துப்போவதாக முடிவாகியிருந்தது. முதல் முறை அவருடையது. மறுநாள் காலை கிளம்புகிறார்களாம்.

"அவருக்கு வழியில வந்துடுச்சுன்னா நான் என்ன செய்யணும்? அவர்கிட்ட கேட்டேன், ஒரு கெட்ட வார்த்தை சொல்லிட்டு வெச்சுட்டார்."

"எழுதிக்குங்க" என்றாள் டார்லா. "வண்டிய ஓரம் கட்டுங்க. பெல்ட்டைக் கழட்டி, பக்கவாட்டுல திருப்பிப் படுக்க வைங்க. தலைக்குக் கீழ எதையாவது வைங்க. வாயில எதையும் திணிக்காதீங்க, கையக் கால அமுக்கிப் பிடிக்காதீங்க. கடிகாரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா ஆம்புலன்ஸ்."

மெர்ல் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

"வேற ஏதாவது?"

"மாத்துப் பேண்ட் ஒண்ணு வண்டியில வைங்க. அவன் கண்ணுல படாம வைங்க. பார்த்தா தூக்கி வெளிய எறிஞ்சிடுவான்."

"சரி. நீங்க அவர்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்ல" என்றாள். மெர்ல் இன்னும் ஏதோ சொல்ல இழுத்தார். அவள் போனை வைத்துவிட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தைப் போட்டாள்.