காதோரத்துக் கந்தகம்

காதுக்குப் பின்னால என்ன, மஞ்சளா பூசியிருக்கீங்க என்று நான்தான் கேட்டேன், பெண் பார்க்க வந்த அருளானந்து தடவிப் பார்த்துவிட்டு, கந்தகங்க, பந்தலுக்குத் தூவிட்டு வந்தேன், குளிச்சும் போகல என்றார், நெசமாவே குளிச்சீங்களா என்று நான் திரும்பக் கேட்க, அவருடைய அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அந்தச் சிரிப்பு ராயப்பன்பட்டி வீட்டுக் கூடத்தில் கேட்கிறதா, இந்தத் திராட்சைப் பந்தலுக்குக் கீழேயா, இலைகளில் பனி, அவர் கந்தகம் நிறைத்த மல்துணிப் பையை உதறி உதறி நடக்கிறார், மஞ்சள் புகை இறங்குகிறது, புதுப்பெண்ணாகப் பின்னால் போகிறேன், இல்லை, மூட்டு வலியோடு போகிறேன்.

ரசாயன மருந்து அடிக்க மாட்டேன் என்று அண்ணன்மாரோடு சண்டை போட்டுப் பாகம் பிரித்து வந்தவர், இலையில் சாம்பல் நோய் விழுந்தால் அவருக்கு இருந்த ஒரே துணை இந்தக் கந்தகம், இயற்கை விவசாயத்துக்குச் சான்று தருகிறவர்களும் தடுக்காத தூள், மண்ணுலருந்து வந்தது மண்ணுக்கே போகுது புள்ள என்பார், நானும் நம்பினேன், பிறகு பந்தலடியில் நான் விதைத்த கீரை வெளுத்தது, போட்ட சாணம் மக்காமல் கிடந்தது, மழை விட்ட காலையில் மண்புழு தள்ளிய மண்ணைத் தேடினேன், இல்லை, அவருக்குத் தெரியாமல் ஒரு பிடி மண்ணைக் கொண்டுபோய் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தேன், புளிப்பு ஏறிப்போச்சும்மா, வருஷா வருஷம் தூவுனது தங்கித் தங்கி அமிலமாயிருச்சு, இப்படியே போனா வேரு தாங்காது என்றார்கள், அண்ணன்மார் தோட்டத்தைக் கடக்கும்போது மட்டும் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற மனிதரிடம், உங்கள் மண்ணும் கெட்டுவிட்டது என்று எப்படிச் சொல்வது, சொல்லாமலே கொடி வெட்டும் கவாத்து முடிந்தது, பூ வந்தது, பழம் லாரி ஏறியது, மறுபடியும் கவாத்து.

கண்ணு எரியுது, இதப் பிடி என்று பையை என்னிடம் தந்துவிட்டுத் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவுகிறார், நான் துடைத்துவிடக் குனிகிறார், காதுக்குப் பின்னால், இப்போது நரைத்துவிட்ட முடிக்குக் கீழே, அதே மஞ்சள், முந்தானையால் அழுத்தித் துடைக்கிறேன், போகவில்லை, குடு, கடைசி வரிசை பாக்கி கெடக்கு என்று கை நீட்டுகிறார், பையை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறேன், கெழவிக்கு இப்பத்தான் விளையாட்டு வருது என்று சிரிக்கிறார், நான் சிரிக்கவில்லை, அவரும் மெல்ல நிறுத்துகிறார், வேணாங்க, நம்ம மண்ணு புளிச்சுப்போச்சு, இலையக் கிள்ளிக் காத்தோட்டம் விடுவோம், பாதி வெளைஞ்சாலும் போதும், கந்தகத்த விட்டுருங்க, எனக்காக விட்டுருங்க.