பஜ்ஜி மாவு பூசிய கல்

1.

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. ஏற்காட்டுக்குப் போகும்போது டிரைவர் விஜயகுமார், போன வாரம் தன் காரில் வந்த ஒரு தம்பதியைப் பற்றிச் சொன்னார். அவர் பார்த்தது பாதி. மீதியை அந்த மனைவி மேனகாவின் மனசுக்குள் புகுந்து நானே எழுதிக்கொள்கிறேன். [மேனகா மன்னிக்கட்டும்.]

முதல் தொடக்கம்: “சேர்வராயன் மலையில் பனிமூட்டம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த…” வேண்டாம். அன்றைக்கு மண்டையைப் பிளக்கும் வெயில்.

2.

சென்னையிலிருந்து கோயில் பார்க்க வந்தவர்கள். ஜெயபிரகாஷுக்குக் கல்வெட்டுப் பைத்தியம். தேய்ந்த கல்லைக் கண்டால் மாவைப் பூசித் துடைப்பார். பள்ளத்தில் மாவு தங்கி எழுத்து தெரியும். இதுவரை யாரும் படிக்காத ஒரு கல்லையாவது தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. அவர் மனைவி மேனகாவின் ஆசை அதைவிடச் சின்னது. கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்க வேண்டும். கோயில் கோயிலாக அவள் “என்னங்க” என்பதும் அவர் “ஒரு நிமிஷம்” என்பதுமாகவே காலம் ஓடிவிட்டது.

அன்று மத்தியானம் சேலத்துப் பக்கத்துக் கோயில் ஒன்றில் நடை சாத்திவிட்டார்கள். (சாத்திய அர்ச்சகருக்கு நன்றி. அவர் இல்லாவிட்டால் கதையே இல்லை.)

“சாயங்காலம்தானுங்க திறப்பாங்க. அதுக்குள்ள குப்பனூர் வழியா மலையேறிக் காட்டப் பாத்துப்போட்டு வந்தரலாமுங்க” என்றார் விஜயகுமார்.

3.

காப்புக்காட்டின் ஓரத்தில் கார் நின்றது.

“ஏனுங்க சார், ரோட்டோரமாவே நில்லுங்க. காட்டெருமை நொம்ப நடமாடுதுங்க.”

மேனகா மரங்களை அண்ணாந்து பார்த்தாள். இங்கே கல்லில்லை, அவர் தன்னோடுதான் நின்றாக வேண்டும் என்று அவளுக்கு உள்ளூர சந்தோஷம். அதற்குள் அவர் சாலையை விட்டு இறங்கிவிட்டார். புதருக்கு முன்னால் ஒரு தட்டைப் பாறை. அதில் வரிசையாக ஏதோ கோடுகள்.

“மேனகா! மாவு தீந்துபோச்சு. உன் பையில ஏதாவது இருக்கா?”

“கடையில வாங்கின பஜ்ஜி மாவு பாக்கெட்தான் இருக்கு. உப்பு, காரமெல்லாம் போட்டது.”

“கல்லுக்குக் காரம் தெரியவா போகுது? குடு.”

[அது எழுத்துதானா, மழை அரித்த கோடா? டிரைவரைக் கேட்டேன். “அதெல்லாம் நானெங்கீங்க பாத்தேன்? நான் எருமையவல்ல பாத்துட்டிருந்தேன்!”]

4.

புதர் விலகியது. பெரிய ஆண் காட்டெருமை. மாவிலிருந்த உப்புக்குத்தான் வந்தது என்று விஜயகுமார் சத்தியம் செய்கிறார், எனக்குச் சந்தேகம்தான். அது கல்லையே பார்த்தது. அதற்கும் கல்லுக்கும் நடுவே, மாவைப் பூசிக் குனிந்திருந்த ஜெயபிரகாஷின் முதுகு.

விஜயகுமார் ஹாரனில் கை வைத்தார். மிரண்டு பாய்ந்துவிட்டால்? கையை எடுத்துவிட்டார். மேனகாவும் அதைப் பார்த்துவிட்டாள். கத்தவும் முடியாது. மெல்லக் கிட்டே போய்க் கல்லுக்கு இந்தப் பக்கம் குனிந்து, “என்னங்க” என்றாள்.

“ஒரு நிமிஷம்.”

முதல் வரைவில் அவள் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் திமிறிச் சத்தம் போட, எருமை தலையைத் தாழ்த்தி… அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். அடுத்த வரைவில் “கோயில் திறந்துட்டாங்களாம்” என்று அவளைப் பொய் சொல்ல வைத்தேன். ஜெயபிரகாஷ் அசைந்தால்தானே!

5.

நடந்தது இதுதான். அவர் படித்துக்கொண்டிருந்த இடத்திலேயே மேனகா தன் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள்.

கோபமாக நிமிர்ந்தார். எதிரே அவள் முகம். அதை மாவு பூசாமலே படித்துவிட்டார். கல்லின் மேலிருந்த கையை அப்படியே பற்றிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து அவளோடு காருக்கு வந்து சேர்ந்தார்.

காட்டெருமை அந்தக் கல்லை ஆற அமர நக்கிச் சுத்தம் செய்துவிட்டுக் காட்டுக்குள் போனது.

“சேர்வராய சாமீ, நீதான் காப்பாத்துனேன்னு சீட்டுல உக்காந்தே கும்பிட்டுப்போட்டேனுங்க” என்றார் விஜயகுமார்.

கார் கிளம்பியதும் மேனகா அழுதாள். ஆள் முழுசாகக் கிடைத்துவிட்டார். வேறெதுவும் வேண்டாம், இது போதும் என்றிருந்தது அவளுக்கு.

“என்னங்க” என்றாள்.

அவர் உடனே திரும்பினார்.

6.

இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் அந்தக் கை என்னை விட மாட்டேன் என்கிறது. வியர்த்த உள்ளங்கையை மாவுக் கல்லில் அழுத்தினால், கல்லில் இருப்பது இடவலம் மாறிக் கையில் ஒட்டியிருக்கும். [பிடித்த பிடியில் கலைந்திருக்காதா என்பீர்கள். கலைந்திருக்கலாம்.] எழுத்தா, மழைக்கோடா? விரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஜெயபிரகாஷின் வாழ்நாள் ஆசை அந்தக் கைக்குள் இருக்கிறது.

ஆனால் அதைப் பார்க்க வேண்டுமானால், முதலில் அவர் அந்தக் கையை விட வேண்டும். மலை இறங்கும் வரை அவர் விடவில்லை என்கிறார் விஜயகுமார். விடச் சொல்லி எழுத எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் வேண்டுமானால் சொல்லிப் பாருங்கள்.