ஷபான் திரும்பிய இடம்

"இந்த டப்பாவையெல்லாம் மெழுகு வெச்சு மூடினது யாரு?"

தெஹ்ரானிலிருந்து வந்த பர்வானே என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். பழைய பிலிம்களைச் சுத்தம் செய்து, கிழிந்ததை ஒட்டி, கெடுவதற்குள் பிரதி எடுப்பது அவள் வேலை. பெரியப்பா எடுத்த படங்களைப் பற்றி யாரோ சொல்லி, எங்கள் ஊரான லாஹிஜானுக்கு பஸ் ஏறி வந்திருந்தாள். எங்கள் மாடிப்படிக்குக் கீழே, ஊறுகாய்ச் சாடிகளுக்கு நடுவே, பதினொரு டப்பாக்கள் அடுக்கியிருந்தன.

எனக்குப் பதில் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், தெரிந்த பதிலுக்குக்கூட எழுந்து நிற்க மாட்டேன். அப்பா இறந்ததும், வீட்டில் போட்டு விற்கும் ஊறுகாய் வேலைக்காக அம்மா என் படிப்பை நிறுத்தினாள். அதைச் சொல்லப் போனபோது டீச்சருக்கு என் முகமே ஞாபகம் வரவில்லையாம்.

"யாருக்கும்மா தெரியும்?" என்றாள் அம்மா. "செத்துப்போன இவ பெரியப்பாவே மூடியிருப்பார். போட்டோக் கடைக்காரரு, கிறுக்குக்குக் கேக்கணுமா?"

மூலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த கோகப் அத்தை சிரித்தாள். "கிறுக்குதான். நாத்து நடறவளைப் படம் எடுக்கறேன்னு சேத்துல விழுந்து, கேமராவை மட்டும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருந்தாரு. நாங்க மனுஷனைத் தூக்கறதா, மிஷினைத் தூக்கறதா?"

அத்தை எங்களுக்கு உறவில்லை. மலைக்கிராமத்துக்காரி. பெரிய பூகம்பத்தில் வீடு இடிந்தது. புருஷன் ஷபானும் வீட்டிலிருந்த போட்டோக்களும் ஒரே சுவருக்கு அடியில் போனார்கள். அதற்குப் பிறகு தங்கை வீட்டோடு வந்து, எங்களிடம் பூண்டு உரிக்கச் சேர்ந்தாள். பதினாறு வருஷம் ஆகிறது.

ஷபான் சந்தைகளில் கோமாளி. மேலே ஒருவன் கழியோடு கயிற்றில் நடப்பான். கீழே கோமாளி அவனைப் போலவே செய்து காட்டி, விழுந்து புரண்டு, ஜனங்களைச் சிரிக்கவைப்பான்.

"ஊரே அண்ணாந்து பாக்கும், நான் மட்டும் குனிஞ்சு பாப்பேன்," என்று அத்தை சொல்வாள். "கயித்துல நடக்கறவனுக்கு ஆட்டுக்கடா குடுப்பாங்க, தரையில உருள்றவனுக்கு ரெண்டு முட்டை. அதுலயும் ஒண்ணை வழியிலயே உடைச்சுட்டு வருவாரு."

பெரியப்பா ஒரு வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஷபானைப் படம் பிடித்திருந்தார். "முகத்துக்குக் கிட்டவே போய் எடுத்திருக்கேன், கோகப். ஒருநாள் போட்டுக் காட்டறேன்," என்று சொன்னாராம். புரொஜெக்டர் பழுதாகி, பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார். அத்தையிடம் இப்போது புருஷனின் ஒரு போட்டோகூட இல்லை. "மூக்கு ஞாபகம் இருக்கு, நெகார். கண்ணும் இருக்கு. ரெண்டையும் சேத்து வெச்சா வேற யாரோ ஆயிடறாரு," என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.

அன்று சாயங்காலம் மாடிப்படிக்குக் கீழே போய் அந்த டப்பாவைத் தேடினேன். பெரியப்பாவின் கையெழுத்தில் 'வெள்ளிக்கிழமைச் சந்தை, கயிறு' என்று இருந்தது. முகர்ந்தேன். வினிகர் நாறியது. எங்கள் வீட்டில் எதுதான் நாறாது? திரைச்சீலை, தலையணை, என் பின்னல் எல்லாம் வினிகர்தான். ஊறுகாய்ச் சாடிகளின் காட்டம் டப்பாவுக்குள் புகுகிறது என்று நினைத்தேன். அத்தையின் புருஷன் முகத்தில் அந்த நாற்றம் ஏறக்கூடாது.

பாதுகாப்பது என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே வழி. ஏழு வருஷப் பூண்டு ஊறுகாய்க்கு அம்மா செய்வதுதான். சாடியின் வாயைத் துடைத்து, துணி சுற்றி, உருக்கிய மெழுகை ஊற்றிக் காற்றுப் புகாமல் அடைப்பாள். ஏழு வருஷம் கழித்துத் திறந்தால் பூண்டு கறுத்து, தேனாய் இனிக்கும். நானும் பதினொரு டப்பாவையும் துடைத்தேன், துணி சுற்றினேன், மெழுகு ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டதாக ஆறு வருஷம் எனக்குள்ளேயே சந்தோஷமாக இருந்தேன்.

இப்போது பர்வானே கத்தியால் மெழுகைக் கீறி முதல் டப்பாவைத் திறந்தாள். சாடிகளின் வாசனையையே அமுக்கிக்கொண்டு ஒரு நெடி வந்தது. அம்மா முக்காட்டால் மூக்கைப் பொத்தினாள்.

"இது உங்க ஊறுகாய் வாசனை இல்லம்மா," என்றாள் பர்வானே. "பிலிமே புளிக்கும். வயசானா அதுக்குள்ளேர்ந்தே வினிகர் வரும். காத்து பட்டா அந்த ஆவி போயிடும், கொஞ்ச காலம் தாங்கும். அடைச்சுட்டா தன் புளிப்புலயே ஊறி வெந்துடும்."

நான் சாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சந்தைப் படம் தேறுமா?" என்றாள் அத்தை.

"கொண்டுபோய்ப் பாக்கறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

இலையுதிர் காலத்தில் பர்வானே மடிக்கணினியோடு திரும்பி வந்தாள். புதுப் பூண்டு வந்திறங்கிய வாரம் அது. அத்தை மடியில் கத்தியும் தாம்பாளமுமாக உட்கார்ந்திருந்தாள்.

"நாலு சுருள் பிழைச்சுது," என்றாள் பர்வானே. "சந்தைச் சுருள் கட்டியா ஒட்டிப்போச்சு. நடுவுல நாப்பது செகண்டுதான் பிரிக்க முடிஞ்சுது."

"அவரு நாலு செகண்டு வந்தாலே போதும், போடு."

திரையில் கயிறு தெரிந்தது. அதில் இரண்டு வெறுங்கால்கள். பிறகு படம் கீழே இறங்கியது. ஒட்டுப்போட்ட கோட்டும் இடுப்பில் ஆட்டுமணிகளுமாக ஒருவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தரையில் கோடு கிழித்து, துடைப்பத்தைக் கழியாகப் பிடித்து, அதன்மேல் நடுங்கி நடுங்கி நடந்தான். விழுந்தான். அவனுக்கு எதிரே இருந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. தேயிலைக் கூடையோடு ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

அவன் எழுந்து, எங்கள் பக்கம் திரும்பினான். தோள் வந்தது, காது வந்தது. வறண்ட வயலைப் போலப் படம் வெடித்தது. வெள்ளையாகப் போனது.

"மறுபடி போடு," என்றாள் அத்தை.

மூன்றாவது தடவை திரையருகே குனிந்து, "திரும்புய்யா, சீக்கிரம்," என்றாள். அவன் அதே இடத்தில்தான் நின்றான்.

"மிச்சமும் அந்தக் கட்டியில இருந்துது," என்றாள் பர்வானே மெதுவாக. "பிரிச்சப்போ படம் மட்டும் தோலா உரிஞ்சு வந்துடுச்சு. எங்க ஆளுங்க எல்லாரும் முயற்சி பண்ணிப் பாத்தாச்சு. யாரும் அடைக்காம விட்டிருந்தா..."

"அடைச்சவன் கை விளங்காமப் போகட்டும்," என்றாள் அத்தை.

அம்மா தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறையும் பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை.

"நான்தான் அத்தை."

"நெகார்!" என்றாள் அம்மா.

"ஊறுகாய் நாத்தம் மாமா மேல ஏறிடக் கூடாதுன்னு... பூண்டுச் சாடி மாதிரியே அடைச்சேன். நல்லா இருக்கும்னு நெனச்சேன்."

இவ்வளவு வார்த்தைகளை நான் ஒரேயடியாகப் பேசியதில்லை.

அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. பூண்டுத் தோல் ஒட்டிக்கிடந்த என் கைகளைப் பார்த்தாள். "ஏதாவது சொல்லேன் கோகப், திட்டித் தொலையேன்," என்றாள் அம்மா.

அத்தை கத்தியைப் பாவாடையில் துடைத்துத் தாம்பாளத்தில் வைத்தாள். உரித்த பூண்டை என் பக்கம் நகர்த்தினாள். மடியிலிருந்த தோலை உதறிவிட்டு எழுந்து, வாசலில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.