மெல்லிய அடி வைத்த ஷூ

மர்பி டவுன் மோனிகா பதினோரு வருடமாக பவுன்சர். பப் வாசலில் நிற்பதும், தகராறு செய்பவர்களை வெளியே தள்ளுவதும்தான் வேலை. இரும்பு முனை வைத்த பூட்ஸில் நின்று நின்று குதிகால் போய்விட்டது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் ஆணி ஏறுவதுபோல் இருக்கும்.

பிசியோதெரபிஸ்ட் கிருத்திகா வேறு ஷூ சொன்னாள். அடி மெல்லியது, குதியில் உயரம் கிடையாது, விரல்கள் விரிந்து உட்கார முன்பக்கம் அகலம். வெறுங்காலில் நடப்பது மாதிரிதான்.

"அவசரப்படாதீங்க மோனிகா. மொதல்ல வீட்டுக்குள்ள பத்து நிமிஷம். கெண்டைக்கால் பிடிச்சா கழட்டிடுங்க."

நான்கு மாதம் ஆயிற்று. முதலில் கெண்டைக்கால் கல்லாக இறுகியது. பிறகு தரை தெரிய ஆரம்பித்தது: டைல்ஸ் இடுக்கு, ரோட்டின் சரிவு, கிடக்கும் பாட்டில் மூடி. ஐந்தாம் மாதம் வேலைக்கே போட்டுப் போனாள்.

"என்னம்மா, வாத்துக்கால மாட்டிக்கிட்டு வந்திருக்க? இதப் பாத்து எவன் பயப்படுவான்?" என்றார் மேனேஜர் சேஷகிரி.

"எல்லாரும் என் மூஞ்சத்தான் சார் பாக்குறாங்க."

அந்த ஞாயிறு மதியம் கிரிக்கெட் மேட்ச் கூட்டம். தடித்த ஒருவன், கூட வந்த பெண்ணைத் தலைமயிரைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் இழுத்தான்.

"பிடோ அவள்ன!" என்று, அவளை விடச் சொல்லிக் கன்னடத்தில் கத்திக்கொண்டே மோனிகா ஓடினாள். அவளோடு வாசலில் நிற்கும் அமல் முந்திக்கொண்டான். பீர் பாட்டில் அவன் நெற்றியில் உடைந்தது. ரத்தம் கண்ணில் இறங்க, சுவரைப் பிடித்துக்கொண்டான்.

மோனிகா தடியனின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். அவன் குதிகாலைத் தூக்கி அவள் இடது பாதத்தில் இறக்கினான். சுண்டுவிரல் முறிந்தது. கத்தக்கூட நேரமில்லை. முழங்கையை அவன் தாடையில் வைத்தாள். பல் தெறித்து, படிகளில் உருண்டு கீழே விழுந்தான். அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டாள்.

விழுந்தவன் எழக்கூடாது என்றால் விலாவில் ஒன்று விட வேண்டும். பழக்கதோஷம், இறங்கிப் போய் வலது காலால் விட்டாள்.

பூட்ஸில் அது வெறும் சத்தம். இப்போது அந்த எலும்பு வளைந்து, நின்று, பிறகு முறிந்தது விரல்களில் தெரிந்தது. அவன் மூச்சுக்குத் தவித்ததும் தெரிந்தது. மோனிகாவுக்கு இன்னொரு உதைக்குக் கால் எழவில்லை.

அமல் பூட்ஸோடு இறங்கி வந்தான். முதல் உதை தடியனின் மூக்கைப் பெயர்த்தது. அடுத்தது கழுத்துக்கு. மோனிகா குறுக்கே விழுந்தாள். இரும்பு முனை அவள் தோளில் பாய்ந்தது.

"போதுண்டா! செத்துருவான்!"

"தள்ளுக்கா! என் மண்டைய ஒடச்சான்!"

மீண்டும் தூக்கிய காலை இரண்டு கையாலும் பிடித்து அமலைக் கவிழ்த்து, அவன் மேல் ஏறி உட்கார்ந்தாள். போலீஸ் வரும்வரை இறங்கவில்லை.

"விலாவுல ஒதச்சது யாரு?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். படிக்கட்டில் விழுந்து உடைந்ததாகச் சொல்லும்படி சேஷகிரி கண்ணால் ஜாடை செய்தார்.

"நான்தான் சார்."

கேஸ் பதிவானது. வேலையும் போயிற்று. நான்காம் நாள் நெற்றியில் ஒன்பது தையலோடு அமல் வீட்டுக்கு வந்தான்.

"ஏங்க்கா ஒத்துக்கிட்ட? விழுந்து ஒடஞ்சுதுன்னு சொல்லியிருந்தா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்டா. கால்லயே தெரிஞ்சுது."

அமல், நைட்டிக் கழுத்தோரம் கறுத்துப்போயிருந்த அவள் தோளையே பார்த்தான்.

"இது நான் ஒதச்சதாக்கா?" என்று கேட்டான்.