மச்சம் தெரிகிற தூரம்

"நாப்பது வயசானா யாரா இருந்தாலும் நம்ம கடைப்படி ஏறித்தான் ஆகணும். உங்க அக்காவும் வருவாங்க, பாருங்க" என்று என் மனைவி சொல்வாள்.

வந்தாள். சொன்னவள் செத்துச் சில மாதங்கள் கழித்து.

நான் கண் பரிசோதகன். கடையின் முன்பகுதியில் ஃப்ரேம்கள். அங்கே மனைவி நிற்பாள். தடுப்புக்குப் பின்னால் என் அறை. அக்கா எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. "கடையில நிக்கிறவளைக் கட்டிக்கிட்டு எங்க முகத்துல கரி பூசாதே" என்றதுதான் கடைசிப் பேச்சு. சாவுக்கும் வரவில்லை. அதன்பிறகு ஃபோன் மேல் ஃபோன். எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து மணியடித்தாள். திறக்கவில்லை.

கடைக்கு வருபவரைத் திருப்பி அனுப்ப முடியாது. அது அவளுக்குத் தெரியும்.

"என்ன பிரச்சினை?"

"கண்ணு தெரியலடா."

"உட்காருங்க."

"உட்காருங்களா? நல்லா இருக்குடா உன் மரியாதை."

இடது கண்ணை மறைத்தேன். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை.

"முதல் எழுத்து?"

"மங்கலா இருக்கு."

முதல் எழுத்து உள்ளங்கை அளவு. லென்ஸை மாற்றினேன். மங்கல். இன்னொன்று. அதுவும் மங்கல்.

"சின்ன வயசுல உன்னைச் சோடாபுட்டின்னு கிண்டல் பண்ணினேன்ல, அந்தப் பாவம்தான்" என்று சிரித்துப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை.

தடுப்புக் கதவு திறந்திருந்தது. அவள் பார்வை அதன் வழியே வெளியே போய், கல்லாவுக்கு மேலே நின்றது. அங்கே தீப்பெட்டி அளவில் ஒரு புகைப்படம்.

"இவதானா? கழுத்துல மச்சம் இருக்கே."

லென்ஸைத் தட்டில் எறிந்தேன்.

"அவ்வளவு தூரத்துல மச்சம் தெரியுது. இந்த எழுத்து தெரியலையா?"

இடது கண்ணின் மறைப்பை அவளே எடுத்தாள்.

"வேற எப்படிடா உன் முன்னாடி வந்து உட்காருறது?"

"இத்தனை வருஷமும் அவ இங்கதான் நின்னா. வந்து நேர்ல பார்த்திருக்கலாமே, மச்சத்தை."

"அவ போன அன்னிக்கு வந்தேன்டா. தெருமுனை வரைக்கும் வந்தேன். அதுக்கு மேல கால் வரல."

"தெருமுனையில யாரும் சாகல."

அழ ஆரம்பித்தாள். எனக்கு இத்தனை மாதமாக அழுகையும் வரவில்லை, எதுவும் வரவில்லை. இப்போது கோபம் வந்தது. வந்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"தலையை நிமிர்த்து."

கண்மணியை விரியவைக்கும் மருந்தை இரண்டு கண்ணிலும் விட்டேன். துணையில்லாமல் வருபவர்களுக்கு அதை விடுவதில்லை. சில மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெரியாது, வெயிலில் கண் திறக்க முடியாது. அவளுக்கு அது தேவையே இல்லை. தெரியவில்லை என்றாளே, தெரியாமல் போகட்டும்.

"எரியுதுடா."

"எரியட்டும்."

வெளியே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தேன். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது அக்கா கடைவாசலில் நின்றிருந்தாள். உச்சி வெயில். கண்களை இறுக மூடி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வெளியே நீட்டித் தடவினாள். பிறகு உள்ளே இழுத்துக்கொண்டாள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருக்க மாட்டேன்.

கடையைப் பூட்டினேன். கை தர மனமில்லை. முழங்கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். வேண்டுமென்றே வேகமாக நடந்தேன். கால் தடுக்கியது, பிடியை விடவில்லை.

"கோபம் போகலையா?"

"போகல."

"போக வேண்டாம். மேடு பள்ளம் வந்தா மட்டும் சொல்லு."

பேருந்து நிறுத்தம் சாலைக்கு அந்தப் பக்கம். நடைபாதையின் விளிம்பு வந்தது. நின்றேன். அவளும் நின்றாள், காலைத் தூக்காமல்.

"பள்ளம்" என்றேன்.